அடக்கும் மூச்சும் பாடும் மூச்சும்

மன்னாரிலிருந்து சிலாபம் வரை நீளும் இலங்கையின் வடமேற்குக் கரை, மூச்சை முதலாக வைத்து இரண்டு தொழில்களை நடத்தியிருக்கிறது. ஒன்று முத்துக்குளிப்பு. நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, அதை அடக்கிக்கொண்டு, முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார் வரை இறங்கிச் சிப்பி அள்ளும் தொழில் அது. மற்றது கரைவலை. கடலை வளைத்து விட்ட பெருவலையைக் கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் இந்தத் தொழிலில் மூச்சு அடங்கியிருப்பதில்லை; அம்பாப் பாட்டாக வெளியே வந்துகொண்டே இருக்கும். முதலாவது தொழில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்ற பெயர்களோடு வரலாற்றில் தங்கிவிட்டது. இரண்டாவது, புத்தளம் மாவட்டத்து உடப்பில் இன்றைக்கும் உண்டு.

நீச்சல் பழக வருகிறவருக்கு மூச்சுத்தான் முதல் முட்டுக்கட்டை. கையும் காலும் சில வாரங்களில் வழிக்கு வந்துவிடும். முகம் நீருக்குள் போனதும் நெஞ்சு இறுகுகிறதே, அது இலேசில் விடாது. அந்த மூச்சைப் பழக்க, மேலே சொன்ன இருவரில் யார் நல்ல ஆசான் என்பதே இந்த ஒப்பாய்வின் கேள்வி. யோசிக்காமல் கேட்டால் முத்துக்குளிப்பவரைத்தான் பலரும் சொல்வார்கள். நீருக்குள் மூச்சு என்றாலே அடக்குவது என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியதும் வைக்கும் பந்தயமும் யார் கூட நேரம் மூழ்கியிருப்பது என்பதே. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை மாறுகிறது. நீந்தப் பழகுகிறவருக்குக் கிட்டியவர் கரைவலைக்காரர். முத்துக்குளிப்பவரிடமும் வாங்கிக்கொள்ளப் பாடங்கள் உண்டு. ஆனால் அவை முதற்பாடங்கள் ஆகமாட்டா.

இரண்டு தண்ணீருக்கு நடுவே ஓர் ஊர்

சிலாபம்–புத்தளம் வீதியிலிருந்து மேற்கே இறங்கினால் வருவது உடப்பு. மேற்கே திறந்த கடல். கிழக்கே முந்தல் களப்பும், ஒல்லாந்தர் காலத்து வாய்க்காலும். நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் தமிழ்க் கடற்றொழிலாளர் குடும்பங்கள். தங்கள் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. வெளியூராருக்கு இந்த ஊர் இரண்டு காரியங்களால் தெரியும்: ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் நடக்கும் தீமிதிப்பு, கரைவலை அம்பாப் பாட்டு.

நீச்சல் என்று பார்த்தால் இந்த ஊர்ப் பிள்ளைக்கு இரண்டு தண்ணீர் வாய்த்திருக்கிறது. கடல் பக்கம் அலை உடையும் கரை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடல் குமுறிக்கொண்டு கிடக்கும். கரைவலைக்கு அது ஓய்வுக் காலம். ஏறக்குறைய ஐப்பசிக்குப் பிறகு கடல் தணியத் தொழில் தொடங்கும். களப்புப் பக்கம் அலை அடங்கிய, ஆழம் குறைந்த, கலங்கல் தண்ணீர். தெளிவும் தரைப்பளிங்கும் உள்ள நகரத்து நீச்சல் தடாகத்தில் எழுதப்பட்ட பாடத்திட்டத்தை இங்கே அப்படியே இறக்கிவைக்க முடியாது. ஊரிடம் ஏற்கனவே உள்ள மூச்சுப் பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாருக்கு இறங்கும் மூச்சு

மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துப்பார்கள் பெரும்பாலும் அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரே இருந்தன. தெற்கே சிலாபத்துக்கு எதிரிலும் பார்கள் குறிக்கப்பட்டிருந்தன. குளிப்புக் காலத்தில் கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கங்களிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் வந்தார்கள். அரபு நாட்டுக் குளிப்பாளரும் வந்தார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைக்கு ஏறின. அடுத்த ஆண்டு பார்கள் லண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகையாகப் போயின. அதன் பிறகு சிப்பியும் அருகியது, தொழிலும் ஒடுங்கியது.

இந்தத் தொழிலின் மூச்சுக் கணக்கு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல், ஒரு படகில் பத்துக் குளிப்பாளர் இருப்பார்கள் என்கிறார். ஐந்து பேர் இறங்கும்போது மற்ற ஐவர் இளைப்பாறுவார்கள். ஒருவர் ஒரு நாளில் 40 முதல் 50 தடவை மூழ்குவார். 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் நூலில், பார்களை நெடுங்காலம் மேற்பார்த்த கப்டன் ஸ்டுவார்ட்டின் வாக்குமூலம் இருக்கிறது. அவர் அறிய எவரும் 87 வினாடிக்கு மேல் கீழே தங்கியதில்லை, 13 பாகத்துக்குக் கீழே போனதில்லை. வழக்கமான அளவு 9 பாகம், 55 வினாடி.

55 வினாடி என்பது கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். சாய்நாற்காலியில் இருந்தபடி பலராலும் அவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும். குளிப்பாளரின் கெட்டித்தனம் அந்த நேரத்துக்குள் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. 9 பாகம் என்பது ஏறக்குறைய 16 மீட்டர். அங்கே நீரின் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். மேலே 5 லீற்றராக இருந்த நெஞ்சுக் காற்று அங்கே 2 லீற்றருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அந்த நெருக்கத்தில் கண்ணைத் திறந்து, சிப்பியைப் பிடுங்கி, கூடையில் போட்டு, கயிற்றை அசைத்து மேலே வர வேண்டும்.

ஆகவே மூச்சைச் செலவு செய்யாமல் இருப்பதற்கென்றே முழு ஏற்பாடும் அமைந்திருந்தது. கீழே போக நீந்த வேண்டியதில்லை. காலை வைத்து நிற்கும் கல் இழுத்துக்கொண்டு போகும். கல்லையும் கூடையையும் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். அரபுக் குளிப்பாளர் மூக்கைக் கொம்புக் கவ்வியால் இறுக்கிக்கொண்டார்கள். நம்மவர்கள் இறங்கும்போது விரலாலேயே பொத்திக்கொண்டார்கள். சுறாவின் பயத்தைத் தீர்க்கக் கரையில் கடல்கட்டி எனப்படும் மந்திரவாதி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பாளரின் பதற்றத்தைக் கட்டியிருக்கும். பதறும் இதயம் ஒட்சிசனை வேகமாகத் தின்னும் என்பதால் அந்தக் காலத்து அரசாங்கமே கடல்கட்டிக்குக் கூலி கொடுத்ததில் உடலியல் நியாயம் ஒன்றும் இருந்தது என்றே சொல்லலாம்.

தொழிலின் விலையும் சிறியதல்ல. மூக்கிலும் காதிலும் வாயிலும் நீரோடு இரத்தம் வர மேலே எழுந்தவர்களைப் பற்றிப் பெர்சிவலே எழுதியிருக்கிறார்.

கரையில் பாடும் மூச்சு

கரைவலையில் வள்ளம் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டு, மறுபக்கத்துக் கயிற்றோடு கொஞ்சம் தள்ளிக் கரை திரும்பும். இரண்டு கயிற்றையும் இரண்டு அணியாக ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். நடுவிலுள்ள மடி சிறிது சிறிதாகக் கரையை நெருங்கும். கடல் ஏந்திய வலையின் பாரம், எதிரே அலையின் இழுப்பு, காலுக்குக் கீழே சரியும் மணல். மணிக்கணக்கில் இந்த இழுவை நீடிக்கும்.

அம்பாப் பாட்டு இந்த உழைப்பின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மூச்சின் பக்கமிருந்து பார்த்தால் அது உழைப்பின் எந்திரப் பாகம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஒரே குரலாக வாங்கிப் பாடுவார்கள். சாமி, காதல், கேலி, கடல் என்று பொருள் எதுவாக இருந்தாலும் இந்த எடுப்பும் வாங்கலும் மாறுவதில்லை. முன்பாட்டுக்காரர் பாடும்போது அணி மூச்சை உள்ளே வாங்குகிறது. அணி குரல் கொடுக்கும்போது மூச்சு வெளியே போகிறது. கயிறும் அந்த நேரத்தில் நகர்கிறது. எவரும் இதை மூச்சுப் பயிற்சி என்று கற்பிப்பதில்லை. தாளம் தவறாமல் பாடினால் மூச்சும் தவறாது, அவ்வளவுதான்.

இதிலுள்ள நன்மை சிறியதல்ல. பாரம் இழுக்கும்போது மனிதர் இயல்பாக மூச்சை நெஞ்சில் பூட்டிக்கொள்வார்கள். அப்படிப் பூட்டினால் இரத்த அழுத்தம் ஏறும், முகம் சிவக்கும், சீக்கிரம் களைப்பு வரும். குரல் கொடுத்தபடி இழுப்பவரால் மூச்சைப் பூட்ட முடியாது. குரல் எழுகிறது என்றாலே காற்று வெளியே போகிறது. இயந்திரம் கொண்டு வலை இழுக்கும் கரைகளில் பாட்டும் மெலிந்துபோவதற்குக் காரணம் இதுதான். மூச்சைச் சேர்த்து நடத்த வேண்டிய தேவை அங்கே இல்லை.

அருகருகே வைத்தால்

முதலில் கணக்கு. குளிப்பாளர் 55 வினாடி வீதம் 50 தடவை மூழ்கினாலும், நாள் முழுவதிலும் நீருக்குள் இருப்பது 2,750 வினாடி. 46 நிமிடத்துக்கும் குறைவு. அவருடைய ஒரு நாள் வேலை 50 பெரிய மூச்சுகளில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நல்ல ஓய்வு இருக்கிறது. கரைவலைக்காரருக்கு ஓய்வு மூச்சு என்று ஒன்று தனியாக இல்லை. வேலையும் ஓய்வும் ஒரே சுற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட சுற்றுகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன.

அடுத்தது காற்றின் போக்குவரத்து. மூச்சு முட்டுகிறது என்று நம்மைத் துடிக்க வைப்பது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு அல்ல. உள்ளே சேர்ந்துவிடும் காபனீரொட்சைட்டுத்தான், அதாவது கரியமில வாயு. குளிப்பாளர் அந்தத் துடிப்பைத் தாங்கப் பழகியவர். கரைவலைக்காரர் அந்தத் துடிப்பு எழாமலே பார்த்துக்கொள்கிறவர். முன்னவர் சேமிக்கிறார், பின்னவர் கழிக்கிறார். நல்ல குளிப்பாளரை அவர் உள்ளே வாங்கும் மூச்சில் அறியலாம். நல்ல இழுவைக்காரரை வெளியே விடும் மூச்சில் அறியலாம்.

உழைப்பும் வேறு வகை. குளிப்பாளர் உடல் அசைவைக் குறைக்கிறார். கல், கயிறு, ஆள் என்று அவருக்காக மற்றவை அசைகின்றன. இழுவைக்காரர் இடுப்பும் தோளும் காலும் ஓயாமல் அசையும்போதே மூச்சை நடத்துகிறார்.

ஒரு காரியத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். இரண்டு தொழிலிலும் கயிறு இருக்கிறது. கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்கிறார். குளிப்பாளரின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கையின் தாலிக்கு அவன்தானே காவல் என்று கடற்கரையில் ஒரு சொல்வழக்கு உண்டு. கரைவலையில் அந்தக் காவலை ஓர் அணியே ஏற்கிறது. தனியொருவர் மூச்சைத் தனியே விட்டுவிடக்கூடாது என்பதை இரண்டு தொழிலும் அறிந்திருந்தன. நீச்சல் கற்பிப்பவர்கள் எழுதிவைக்கும் முதல் விதியும் அதுவே.

நீந்துகிறவர் எந்தப் பக்கம்?

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். எடுத்த நேரம் 51 மணி. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று குறைத்துப் போட்டாலும் 45,000 மூச்சுக்கு மேல் வருகிறது. அவருக்கு முன் 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமிக்கும் கணக்கு இதே வகைதான். முத்துக்குளிப்பவரின் 50 மூச்சோடு இந்தக் கணக்கை ஒப்பிடவே முடியாது. கரைவலையின் கணக்கோடு மட்டும் ஒப்பிடலாம்: உடல் ஓயாமல் உழைக்க, மூச்சு தாளம் பிசகாமல் போய்வர வேண்டும்.

25 மீட்டரைத் தாண்டத் திணறும் புதியவரின் சிக்கலும் இதே இடத்தில்தான். அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு முகத்தை நீருக்குள் வைக்கிறார். உள்ளே மூச்சைப் பூட்டிக்கொண்டு கையைக் காலை அடிக்கிறார். முகத்தைத் திருப்பியதும், பூட்டிய காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றை உள்ளே வாங்கி, இரண்டையும் அந்த ஒரு நொடிக்குள் முடிக்கப் பார்க்கிறார். முடிவதில்லை. பழைய காற்று பாதி உள்ளேயே நிற்க, மேலே கொஞ்சம் புதுக் காற்று ஏறுகிறது. நாலைந்து வீச்சுக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்துவிடுகிறது. நெஞ்சு வெடிக்கும்போல இருக்கிறது. "எனக்குக் காற்றுப் போதவில்லை" என்று எழுந்து நிற்கிறார். உண்மையில் அவருக்குக் காற்று கூடிவிட்டது; கழிய வேண்டிய காற்று கழியவில்லை.

தேர்ந்த நீச்சல்காரர் முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் சீராகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கிறார். முகம் திரும்பும்போது நெஞ்சு ஏற்கனவே காலி. திறந்த வாயில் காற்று தானாக வந்து விழுகிறது. அதற்கு ஒரு வினாடிகூட வேண்டியதில்லை. நீளமாக விடு, சுருக்கமாக வாங்கு என்பதே அவர் விதி. அணி நீட்டிப் பாட, இடையில் மூச்சு வாங்கிக்கொள்ளும் அம்பாவின் விதியும் இதுதான்.

கரை தராத பாடங்கள்

இத்தோடு முடித்துவிட்டால் ஒப்பாய்வு ஒருபக்கச் சாய்வாகப் போய்விடும். கரைவலைக்காரரின் மூச்சு காற்றில் நடக்கிறது, நீருக்குள் நடப்பதில்லை. அவரிடம் கற்க முடியாதவை மூன்று.

முதலாவது, முகத்தில் நீர். முகம் நனைந்ததும் மூச்சு நின்று இதயம் சற்று மெதுவாவது உடலின் பிறவிக் குணம். குளிர்ந்த நீரில் அது வலுக்கும், நம் கடல்போல வெதுவெதுப்பான நீரில் அவ்வளவு தெரியாது. புதியவர் இந்த நிறுத்தத்தைப் பயம் என்று தவறாகப் படிக்கிறார். குளிப்பாளருக்கு அது பழகிய வாசல். கண்ணைத் திறந்தபடி, தோளைத் தளர்த்தி, ஒன்றும் செய்யாமல் நீருக்குள் சில வினாடி இருக்க முடிவது அவர் தரும் பாடம்.

இரண்டாவது, நெஞ்சின்மேல் நீரின் பாரம். கழுத்தளவு நீரில் நிற்கும்போதே மூச்சு விடும் உழைப்பு தரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுகிறது. களப்பில் இறங்கியதும் மூச்சு மேலுக்கு வருவதுபோல இருப்பதற்கு மனம் மட்டும் காரணமல்ல. கரையில் எவ்வளவு பாடினாலும் இந்தப் பாரம் தெரியாது.

மூன்றாவது, மிதப்பு. நிறைந்த நெஞ்சு மிதக்கும், காலியான நெஞ்சு அமிழும். கரையில் மூச்சை முழுக்க விட்டால் ஒன்றும் ஆகாது. நீரில் விட்டால் உடல் கீழே போகும். புதியவர் மூச்சைப் பூட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். உப்புநீர் நன்னீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி, ஆகவே கடலிலும் களப்பிலும் மிதப்பது நகரத்துத் தடாகத்தைவிட எளிது. இந்தச் சலுகையை முதலில் மல்லாந்து மிதந்து உணர்ந்துகொண்டவர், பிறகு மூச்சை விட அஞ்சமாட்டார்.

குளிப்பாளர் அடக்குவதில் மட்டும் தேர்ந்தவர் என்று நினைப்பதும் சரியல்ல. தென்கொரியாவின் ஜேஜு தீவில் சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ என்ற பெண்கள் இருக்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மேலே வந்ததும் அவர்கள் சீழ்க்கைபோல ஓர் ஒலி எழுப்பி மூச்சை விடுவார்கள். அந்த ஒலிக்கே அவர்கள் மொழியில் தனிப் பெயர் உண்டு. ஆழத்துக்குப் போனவர்களும் மூச்சை ஒலியாக்கித்தான் கழிக்கிறார்கள் என்பது, இந்த ஒப்பாய்வில் பிரிந்து நிற்கும் இரண்டு கட்சிகளும் சேரும் இடம்.

களப்போரத்துப் பாடம்

இனி, இரண்டிலிருந்தும் எடுத்து ஒரு வரிசை செய்யலாம். இடம் களப்பின் ஓரமாக, இடுப்பளவு தண்ணீரில், அடி தெரிந்த இடத்தில் இருக்கட்டும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும்.

முதலில் தரையில், ஒலியோடு மூச்சு விடுவது. சடுகுடு பாடி எதிர்க் கட்சிக்குள் போன பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டும் விலகிக்கொண்டும் ஒரே மூச்சை ஒலியாக நீட்டிப் பழகியிருப்பான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சடுகுடுவில் மூச்சை எவ்வளவு நீட்டலாம் என்பது ஆட்டம். இங்கே அளவாக நீட்டி, அளவாக வாங்கி, மறுபடி நீட்டுவது பாடம்.

அடுத்து நீரில். வாயை மூடி, "ம்ம்ம்" என்று மூக்கால் முனகிக்கொண்டே முகத்தை நீருக்குள் வைக்க வேண்டும். முனகல் இருக்கும்வரை மூக்கு வழியே காற்று வெளியே வந்துகொண்டிருக்கும். காற்று வெளியே வரும் துளையில் நீர் உள்ளே போகாது. மூக்கில் நீர் ஏறுவதுதான் புதியவரின் பெரிய பயம், அந்தப் பயத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. நீச்சல் பயிற்றுநர்கள் பல நாடுகளில் இதையே செய்யச் சொல்கிறார்கள். ஒலி நின்றதும் முகம் மேலே வரட்டும்.

பிறகு சுற்று. மேலே வாயால் வாங்கு, கீழே முனகி விடு, மேலே வாங்கு, கீழே விடு. கரையில் நிற்பவர் அடி எடுத்துக் கொடுக்க, நீரில் நிற்கும் பிள்ளைகள் ஒன்றாக மூழ்கி எழலாம். அம்பாவின் எடுப்பும் வாங்கலும் தெரிந்த ஊரில் இதற்குப் புதிய தாளம் தேட வேண்டியதில்லை. பத்துச் சுற்று களைப்பின்றி வந்தால் இருபதாக்கலாம். எத்தனை சுற்று என்பதே இங்கே மதிப்பெண், எத்தனை வினாடி என்பதல்ல. இந்தச் சுற்று சீராகும் முன் கைவீச்சைக் கற்பிக்கத் தொடங்கினால், மூச்சைப் பூட்டும் பழக்கம் கையோடு சேர்ந்து ஊறிவிடும். பிறகு கழற்றுவது கடினம்.

குளிப்பாளரின் பாடம் இதற்குப் பின் வருகிறது. நெஞ்சில் காற்றை வைத்துக்கொண்டு, கைகால் தளர்த்தி, கவிழ்ந்து மிதப்பது. தரையை உதைத்து வழுக்கிப் போவது. சில வினாடி போதும். நீர் தன்னைத் தாங்குகிறது என்பதை உடல் நம்புவதற்கு மட்டுமே இந்த அடக்கம். அதன் பிறகு பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குவதும் வீச்சும் வரட்டும்.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. வங்காளதேசத்தில் சுவிம்சேஃப் திட்டத்தில் ஊர்க்குளத்திலேயே மூங்கில் மேடை இறக்கி, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 25 மீட்டர் நீந்துவதும் 30 வினாடி மிதப்பதும் தேர்ச்சி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர் உலகெங்கும் ஏறக்குறைய 3 இலட்சம் பேர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பதை அந்த நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. களப்போரம் ஒரு மேடை கட்டுவது உடப்புக்குப் பெரிய செலவல்ல.

பெண் பிள்ளைகளையும் அந்த மேடைக்கு அழைத்துவர வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் பல கரைகளில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக மாண்டார்கள். அதற்கான காரணங்களுள் ஒன்று, நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பழகக் கிடைத்தது என்று அடுத்த ஆண்டு ஒக்ஸ்பாம் நிறுவனம் எழுதியது. வள்ளத்தில் ஏறினால்தான் நீச்சல் வரும் என்ற வழக்கம் அவர்களை விட்டுவிடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் பாடிப் பழகும் மூச்சு யாரையும் விடவேண்டியதில்லை.

பந்தயத்தின் விலை

அடக்கும் மூச்சை முதற்பாடமாக வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கூட நேரம் மூழ்கியிருக்க, இறங்கும் முன் வேகவேகமாகப் பத்திருபது பெருமூச்சு விடுவது பிள்ளைகளுக்குள் பரவும் உபாயம். அதனால் உள்ளே ஒட்சிசன் அதிகம் ஏறிவிடுவதில்லை. காபனீரொட்சைட்டு மட்டும் கழிந்துபோகிறது. மூச்சு வாங்கு என்று உடலைத் தட்டி எழுப்பும் மணி அதுதான். மணி அடிக்கத் தாமதமாக, அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நெஞ்சளவு தண்ணீரிலும் இப்படி உயிர் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே பெரும்பாலும் இதில் அகப்படுகிறார்கள். முத்துக்குளிப்பவருக்குக் கயிற்றின் மறுமுனையில் மச்சான் இருந்தார். பந்தயம் வைக்கும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை.

பாடும் மூச்சில் இந்தப் பொறி இல்லை. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரு சுற்றாக இருக்கும்போது மணியும் சரியாக அடிக்கும். களைத்தவர் சுற்றைத் தவறவிடுவார், முனகல் தேயும், கற்பிப்பவர் காதுக்கே அது தெரிந்துவிடும். அடக்கிய மூச்சுக்கு ஒலி இல்லை; அது திணறுகிறதா தூங்குகிறதா என்று மேலே நிற்பவரால் சொல்ல முடியாது. கலங்கல் தண்ணீரில் கற்பிக்க வேண்டிய ஊருக்கு, கண்ணுக்குத் தெரியாததைக் காதால் கண்காணிக்கக் கிடைப்பது பெரிய வசதி.

ஆகவே முத்துக்குளிப்பின் பெருமையை வரலாற்றில் வைத்துக்கொண்டே, அதன் மூச்சை இரண்டாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கலாம். முதல் வகுப்பில் களப்பில் நிற்கும் பிள்ளையிடம் எவ்வளவு நேரம் தாங்கினாய் என்று கேட்க வேண்டாம். எத்தனை தரம் விட்டு வாங்கினாய் என்று கேட்டால் போதும். அந்த எண்ணிக்கை கூடக் கூட நீந்தும் தூரமும் கூடும். உடப்பின் பாடசாலைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு ஒன்று தொடங்க நினைத்தால், பயிற்றுநரை வெளியூரிலிருந்து அழைக்கலாம். மூச்சுக்கு அடி எடுத்துக் கொடுக்க ஊரிலேயே ஆள் இருக்கிறார். அம்பா தெரிந்த மூத்தவர் ஒருவரைக் கரையில் நிறுத்தினால் அந்த வகுப்பின் பாதி வேலை முடிந்துவிடும்.